மலேரியாவில் குழந்தைகள் சாவதைத் தடுக்க நன்கொடை: எதற்குக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது?

கேள்வி இதுதான்: "சம்பளத்தில் மாதாமாதம் ஒரு சிறு தொகையை ஒதுக்கி, மலேரியாவில் குழந்தைகள் சாவதைத் தடுக்கிற வேலைக்குக் கொடுக்க நினைக்கிறேன். எந்த அமைப்புக்குக் கொடுப்பது? கொசுவலைக்கா, தடுப்பூசிக்கா? காசு உண்மையிலேயே போய்ச் சேருமா? இலவசமாகக் கொடுக்கும் வலையெல்லாம் மீன் பிடிக்கத்தான் போகிறது என்று நண்பர் ஒருவர் சொல்கிறார், அது நிஜமா?"

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இதோடு போய்விடலாம். கொசுவலைக்கோ, மழைக்காலத்தில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் தடுப்பு மாத்திரைக்கோ கொடுங்கள். மாதாமாதம் தானாகப் போகிற மாதிரி ஏற்பாடு செய்யுங்கள். இந்த நாட்டுக்கு மட்டும், இந்தக் கிராமத்துக்கு மட்டும் என்று நிபந்தனை போடாதீர்கள். ஆரம்பித்தால் குறைந்தது மூன்று வருடமாவது நிறுத்தாதீர்கள். அந்த மூன்று வருடக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தப் பதிலில் பாதி.

நிவாரணப் பொருள் விநியோகத்தில் கணக்கு பார்க்கிற வேலையில் சில வருடங்கள் இருந்தவன் நான். டாக்டர் இல்லை. அதனால் நோயைப் பற்றித் தேவையான அளவுதான் சொல்வேன், கிடங்கு, லாரி, கணக்குப் புத்தகம் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பில் 2023இல் சுமார் 26.3 கோடி பேருக்கு மலேரியா வந்தது, 5,97,000 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் 95 சதவீதம் ஆப்பிரிக்காவில். அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். நைஜீரியா என்ற ஒரே நாட்டில் மட்டும் உலகச் சாவுகளில் முப்பது சதவீதத்துக்கு மேல். இந்த எண்களை இங்கே வைப்பது கண்ணீர் வரவழைக்க இல்லை. பணம் எந்த ஊருக்கு, எந்த வயதுக்குப் போக வேண்டும் என்பதை அவையே சொல்லிவிடுகின்றன என்பதற்காகத்தான்.

ஏன் குழந்தைகள்? நோய் அதிகமுள்ள இடத்தில் வளர்ந்த பெரியவருக்கு மலேரியா வந்தால் மூன்று நாள் காய்ச்சலில் படுத்து எழுந்துவிடுவார், ஏனென்றால் சிறு வயதிலிருந்தே பலமுறை வந்து வந்து உடம்பு ஓரளவு பழகியிருக்கிறது. பிறந்த குழந்தைக்கும் முதல் சில மாதம் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் காவல் இருக்கும். அது தீர்ந்து, சொந்த எதிர்ப்புச் சக்தி வளராமல் இருக்கிற அந்த நாலைந்து வருடம்தான் ஆபத்து. ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் இருப்பது ஃபால்சிபாரம் என்ற ஒட்டுண்ணியால் வரும் மலேரியா வகை; நேற்று வெறும் காய்ச்சலாக இருந்தது இன்று வலிப்பாகவும் நினைவிழப்பாகவும் மாறிவிடும், ஓரிரண்டு நாள் போதும். மூளைக்கு ஏறாவிட்டாலும் ரத்தம் வற்றிப்போய்ச் சாகிற குழந்தைகள் நிறைய. மருந்து இல்லாத நோய் இல்லை இது, சீனத்து டூ யூயூ கண்டறிந்த ஆர்ட்டிமிசினின் வழி வந்த மருந்துகள் நன்றாகவே வேலை செய்கின்றன (அதற்காக அவருக்கு 2015இல் நோபல் பரிசும் கிடைத்தது). பிரச்சினை, காய்ச்சல் கண்ட ராத்திரிக்கும் அந்த மருந்துக்கும் நடுவில் இருக்கிற தூரம். நோய் உச்சத்தில் இருக்கும் காலமும் மழைக்காலம், பாதைகள் உளையாகிக் கிடக்கும் காலமும் அதே மழைக்காலம். வராமல் தடுப்பதற்குக் கொடுக்கும் பணம் இவ்வளவு பெறுமானம் பெறுவது அதனால்தான்.

சரி, கொசுவலை. மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் பெண் கொசு பெரும்பாலும் இருட்டிய பிறகு, ஊர் அடங்கிய பிறகு கடிக்கிறது. குழந்தை தூங்கும் நேரம் அது. ஆகவே தூங்கும் இடத்தைச் சுற்றி ஒரு தடுப்பு. இது எல்லோருக்கும் புரியும். பலருக்குத் தெரியாத இரண்டாவது விஷயம், இந்த வலைகளின் நூலிலேயே பூச்சிக்கொல்லி ஏற்றியிருக்கும் என்பது. நோயாளியைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்பிவிடாது. ஒட்டுண்ணி கொசுவின் வயிற்றில் வளர்ந்து எச்சிலுக்கு வந்து சேர பத்து நாளுக்கு மேல் ஆகும். அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளில் கொசு சில நாளுக்கு ஒரு முறை ரத்தம் தேடி வந்தாக வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு வலையில் உட்கார்ந்தால்? நோய் பரப்பும் வயதை எட்டும் முன்பே செத்துவிடும். ஊரில் பெரும்பாலான வீடுகளில் வலை இருந்தால், வலையே இல்லாத வீட்டுக் குழந்தைக்கும் ஓரளவு பாதுகாப்பு கிடைப்பது இப்படித்தான். "என் பணத்தில் பத்துக் குழந்தைகளுக்கு வலை" என்று நினைப்பதைவிட, ஒரு ஊரை முழுசாக மூடுகிற வேலையில் ஒரு பங்கு என்று நினைப்பது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

ஆதாரம் இருக்கிறதா என்றால், இந்தத் துறையில் இவ்வளவு ஆதாரம் உள்ள வேறு வேலை குறைவு. பல நாடுகளில் நடந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் ஆய்வு, பூச்சிக்கொல்லி ஏற்றிய வலை குழந்தைகளின் மொத்தச் சாவையே (மலேரியாச் சாவை மட்டும் அல்ல) 17 சதவீதம் குறைக்கிறது என்கிறது. 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் தடுக்கப்பட்ட மலேரியா நேர்வுகளில் 68 சதவீதம் வலைகளால் தடுக்கப்பட்டது என்று 2015இல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு கணிப்பு சொல்லியது.

விநியோகம் எப்படி நடக்கிறது என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் காசு போய்ச் சேருமா என்ற கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. முதலில் வீடு வீடாகப் போய்த் தலை எண்ணுகிறார்கள். இரண்டு பேருக்கு ஒரு வலை என்பது விதி. ஆனால் மொத்த மக்கள்தொகையை இரண்டால் வகுத்து ஆர்டர் போட்டால் வலை பற்றாது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இரண்டரை வலை கொடுக்க முடியாதே, மூன்று கொடுக்க வேண்டும். அதனால் 1.8ஆல் வகுக்கிறார்கள். நான் முதன்முதலில் அந்த 1.8ஐப் பார்த்தபோது யாரோ தவறாக அச்சடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அப்புறம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சீட்டு, குறிப்பிட்ட நாளில் சீட்டைக் கொடுத்து வலை வாங்கிக்கொள்ள வேண்டும், அல்லது அவர்களே வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார்கள். சில இடங்களில் பிளாஸ்டிக் உறையை அங்கேயே பிரித்து எடுத்துவிட்டுத்தான் கையில் கொடுப்பார்கள், உறை பிரித்த வலைக்குச் சந்தையில் விலை போகாது என்பதற்காக. புது வலையை ஒரு நாள் நிழலில் உலர்த்திவிட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் முகம் எரியும் என்று சொல்லி அனுப்புவார்கள். வெயிலில் உலர்த்தக் கூடாது, மருந்தின் வீரியம் போய்விடும். இருபது தடவை துவைத்தாலும் மருந்து நிற்க வேண்டும், மூன்று வருடம் வலை தாங்க வேண்டும் என்பது தயாரிப்பாளருக்கான அளவுகோல். நடைமுறையில் அடுப்புப் புகை, எலி, பாயின் முனை, குழந்தையின் விரல் எல்லாம் சேர்ந்து அதற்கு முன்பே பல வலைகளைக் கிழித்துவிடும்.

மூன்று வருடக் கணக்கு இதுதான். ஒரு மாவட்டத்துக்கு இந்த வருடம் வலை கொடுத்தால் மூன்று வருடத்தில் திரும்பவும் முழுசாகக் கொடுத்தாக வேண்டும். அந்த ஆர்டரைப் போடுவதற்கு, தயாரித்துக் கப்பலில் ஏற்றி, துறைமுகத்திலிருந்து மாவட்டக் கிடங்குக்குப் போய்ச் சேர்வதற்குப் பல மாதம் முன்பே பணம் கையில் இருக்க வேண்டும். அடுத்த வருடம் எவ்வளவு வரும் என்று தெரிந்த அமைப்பால்தான் இன்று ஆர்டரில் கையெழுத்துப் போட முடியும். ஒரே நாளில் உணர்ச்சிவசப்பட்டுக் கொடுக்கும் பெரிய தொகையைவிட, அலுப்பூட்டுகிற மாதாந்திரச் சிறு தொகை இந்த வேலைக்குப் பொருந்துவது இதனால்.

இப்போது உங்கள் நண்பரின் மீன் வலை. சில ஏரிக்கரைகளிலும் கடலோரங்களிலும் கொசுவலையால் மீன் பிடிப்பது உண்மை, படங்களும் உண்டு, சின்ன மீன்கூடத் தப்பாத கண்ணுள்ள வலை என்பதால் அது மீன்வளத்துக்கும் கெடுதல்தான். ஆனால் மீன்பிடிக்கும் ஊர்களின் கதை அது. கோடிக்கணக்கான வலைகள் போகிற உள்நாட்டு ஊர்களில் நிலைமை வேறு. கிழிந்து பயன் முடிந்த பழைய வலையை நாற்றங்காலுக்கு வேலியாகக் கட்டியிருப்பதைப் படம் எடுத்துவிட்டு வீணடிக்கிறார்கள் என்று எழுதுவதும் நடக்கிறது. பழைய துணியைக் கரித்துணியாக்குவது போலத்தான் அது. நல்ல அமைப்பு இந்த வாதத்துக்கு ஆவேசமாகப் பதில் சொல்லாது, விநியோகம் முடிந்த சில மாதத்தில் தற்செயலாகத் தேர்ந்தெடுத்த வீடுகளுக்கு ஆள் அனுப்பி எத்தனை வலை தொங்குகிறது என்று எண்ணி, குறைவாக இருந்தால் குறைவு என்றே வெளியிடும். நண்பரிடம் அந்த எண்ணிக்கையைக் காட்டுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு பழைய வாதம்: இலவசமாகக் கொடுத்தால் மதிக்க மாட்டார்கள், சிறு விலையாவது வைக்க வேண்டும் என்பது. நானும் ஒரு காலத்தில் இதை நம்பினேன். கென்யாவில் ஜெசிகா கோஹன், பாஸ்கலின் டியூபா என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் கர்ப்பிணிகள் வரும் மருத்துவ நிலையங்களில் இதைச் சோதித்துப் பார்த்து 2010இல் வெளியிட்டார்கள். இலவசத்திலிருந்து 60 சென்ட் விலைக்கு ஏற்றியதும் வலை எடுத்துக்கொண்டவர்களின் பங்கு 60 சதவீதப் புள்ளிகள் விழுந்தது. சரி, காசு கொடுத்து வாங்கியவர்களாவது அக்கறையாகக் கட்டினார்களா என்றால், இலவசமாகப் பெற்றவர்களைவிட அதிகம் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. 60 சென்ட் வைத்து மதிப்பைக் கூட்டவில்லை, குழந்தைகளைத்தான் வலைக்கு வெளியே விட்டிருக்கிறார்கள்.

வலையில் உள்ள உண்மையான சிக்கல் மீனும் இல்லை, இலவசமும் இல்லை, கொசு பழகிக்கொள்வதுதான். பல வருடமாக எல்லா வலைகளிலும் பைரித்ராய்டு என்ற ஒரே வகைப் பூச்சிக்கொல்லிதான். அதைத் தின்று செரித்துவிடும் கொசு இனங்கள் இப்போது ஆப்பிரிக்காவில் பரவலாக வந்துவிட்டன. அதற்குப் பதிலாக இரண்டு மருந்து ஏற்றிய வலைகள் வந்திருக்கின்றன. தான்சானியாவிலும் பெனினிலும் நடந்த சோதனைகளில், குளோர்ஃபெனாபிர் சேர்த்த வலை பழைய வலையோடு ஒப்பிட்டால் குழந்தைகளுக்கு வந்த மலேரியாவை இரண்டு வருடத்தில் 40 சதவீதத்துக்கு மேல் குறைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் அதைப் பரிந்துரைத்தது. விலை கொஞ்சம் கூட. ஆக, "எங்கள் வலைதான் உலகிலேயே மலிவு" என்று ஒரு அமைப்பு பெருமை பேசினால் உடனே மயங்க வேண்டாம், எந்த வலை, அந்த ஊர்க் கொசுவுக்கு அது வேலை செய்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது மழைக்கால மாத்திரை. எனக்குத் தனிப்பட்ட முறையில் இதன் மேல் வலையைவிடக் கொஞ்சம் கூடுதல் பிரியம் உண்டு. சஹாராவுக்குத் தெற்கே மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர், சாட், வட நைஜீரியா இங்கெல்லாம் வருட மலேரியாவில் பெரும்பகுதி மழை பெய்யும் நாலு மாதத்துக்குள் வந்து முடிந்துவிடும். அந்த நாலு மாதமும், மாதம் ஒரு முறை, மூன்று மாதக் குழந்தையிலிருந்து ஐந்து வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்து கொடுத்துவிட்டால் ஒட்டுண்ணி உடம்பில் தலையெடுக்க முடியாது. 2012இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. அந்த வருடம் இந்த மாத்திரை கிடைத்த குழந்தைகள் இரண்டு லட்சத்துக்குள், 2023இல் சுமார் 5.3 கோடி. சோதனைகளில் காய்ச்சலாக வெளிப்படும் மலேரியா நான்கில் மூன்று பங்கு குறைந்திருக்கிறது. ஒரு குழந்தைக்கு ஒரு பருவத்துக்கு எல்லாச் செலவும் சேர்த்து ஏறக்குறைய 7 டாலர் ஆகும்.

வீட்டு வாசலில் அது நடப்பது இப்படி. உள்ளூரைச் சேர்ந்த இரண்டு பேர், தோளில் பை, கையில் பதிவேடு. குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று முதலில் கேட்பார்கள். இருந்தால் மாத்திரை கிடையாது, பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், மலேரியா என்றால் அதற்கான சிகிச்சை வேறு. ஒரு வயதுக்குள் என்றால் ஓர் அளவு, மேலே என்றால் இன்னோர் அளவு. கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மாத்திரையைக் கரைத்து, தாய் மடியில் வைத்தபடியே ஊட்டுவார்கள். முதல் நாள் இரண்டு மருந்து, சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் ஒன்று, அமோடயாகுயின் ஒன்று. பிறகு அரை மணி நேரம் காத்திருப்பார்கள், குழந்தை துப்பிவிட்டால், வாந்தி எடுத்துவிட்டால் மறுபடியும் கொடுக்க வேண்டும். மீதி இரண்டு அமோடயாகுயின் மாத்திரையைத் தாயிடம் கொடுத்து நாளைக்கும் நாளன்றைக்கும் இதே நேரம் கொடுங்கள் என்று சொல்லி, அட்டையில் குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்வார்கள். அவ்வளவுதான் வேலை. அடுத்த மாதம் அதே வீடு, அதே கிண்ணம். இதில் செலவாகும் பணத்தில் மாத்திரையின் விலை ஒரு பகுதிதான். பெரும்பகுதி அந்த இரண்டு பேரின் தினக்கூலி, பயிற்சி, மேற்பார்வையாளரின் மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய். நன்கொடை கொடுப்பவர்கள் "நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம்" என்று கேட்டு நெற்றியைச் சுருக்குவது இந்த எண்ணெய்க் காசைப் பார்த்துத்தான் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வரும். கூலி கொடுக்காமல் மாத்திரையைக் கிடங்கில் அடுக்கி வைத்திருந்தால் நிர்வாகச் செலவு பிரமாதமாகக் குறையும்.

தடுப்பூசி வந்துவிட்டதே, இனி வலை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். ஆர்டிஎஸ்,எஸ் என்ற முதல் தடுப்பூசி 2021 அக்டோபரில் பரிந்துரைக்கப்பட்டது, ஆக்ஸ்ஃபோர்டில் உருவாகி புனேயில் சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரிக்கும் ஆர்21 என்ற இரண்டாவது 2023 அக்டோபரில். 2024 ஜனவரியில் கேமரூன் வழக்கமான தடுப்பூசி அட்டவணையில் சேர்த்தது, அதற்குப் பின் ஒவ்வொரு நாடாகத் தொடர்கிறது. கானா, கென்யா, மலாவியில் முன்னோட்டமாகப் போட்டுப் பார்த்தபோது போடத் தகுதியான வயதுக் குழந்தைகளின் மொத்தச் சாவு 13 சதவீதம் குறைந்தது. நல்ல விஷயம், பெரிய விஷயம். ஆனால் அம்மைத் தடுப்பூசி போலப் போட்டால் முடிந்தது என்ற வகை இல்லை. நாலு தவணை, காலம் போகப் போக வீரியம் குறையும். புர்கினா ஃபாசோவிலும் மாலியிலும் ஒரு சோதனையில் மழைக்கு முன் தடுப்பூசியும் மழைக்காலத்தில் மாத்திரையும் இரண்டுமாகக் கொடுத்தபோது, ஒன்றை மட்டும் கொடுத்ததைவிட மலேரியா 60 சதவீதத்தை ஒட்டிக் குறைந்தது. ஒன்றுக்கு ஒன்று போட்டியில்லை. தடுப்பூசிக்கான பணம் பெரும்பாலும் அரசுகள் வழியாகக் காவி என்ற கூட்டமைப்புக்குப் போகிறது, தனி ஆளின் சிறு தொகை வலையிலும் மாத்திரையிலும்தான் நேராக எண்ணிப் பார்க்கும்படி சேர்கிறது. உங்களுக்கு வலையும் மாத்திரையும் என்று நான் சொல்வதற்கு அதுவே காரணம்.

எந்த அமைப்பு? நான் இரண்டு பெயர் சொல்கிறேன், இது விளம்பரம் இல்லை. வலைக்கு அகைன்ஸ்ட் மலேரியா ஃபவுண்டேஷன், மாத்திரைக்கு மலேரியா கன்சார்ஷியம். நன்கொடை அமைப்புகளைச் சலித்துப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் கிவ்வெல் என்ற அமைப்பு இந்த இரண்டையும் பல வருடமாகத் தன் முதல் வரிசையில் வைத்திருக்கிறது. அகைன்ஸ்ட் மலேரியா பிறந்த கதை வேடிக்கையானது. ராப் மேதர் என்ற லண்டன்காரர் தீக்காயம்பட்ட ஒரு சிறுமிக்காக நண்பர்களை நீச்சலடிக்கவைத்துப் பணம் திரட்டினார். அது எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகப் போகவே, அடுத்து மலேரியாவுக்காக 2005இல் பல நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நீந்தினார்கள். இன்று அந்த அமைப்பு 30 கோடிக்கும் மேற்பட்ட வலைகளுக்குப் பணம் கொடுத்திருக்கிறது. பொதுமக்கள் தரும் பணம் முழுதும் வலை வாங்கவே போகும். அலுவலகச் செலவைத் தனியாகச் சிலர் ஏற்றுக்கொள்கிறார்கள், லாரிச் செலவு, தலை எண்ணும் செலவு எல்லாம் குளோபல் ஃபண்ட் என்ற சர்வதேச நிதியம் போன்ற பங்காளிகளுடையது. உங்கள் பணம் எந்த நாட்டின் எந்த விநியோகத்துக்குப் போனது என்று பிற்பாடு தெரிந்துகொள்ளவும் முடியும்.

"2 டாலரில் ஒரு உயிரைக் காப்பாற்றுங்கள்" என்ற மாதிரி வாசகம் கண்ணில் பட்டால் நம்பாதீர்கள். வலை ஏறத்தாழ 2 டாலர், வீட்டில் சேர்க்கிற செலவும் கூட்டினால் 5 டாலருக்கு மேல். ஆனால் ஒரு வலைக்கு ஒரு உயிர் என்று கணக்கு வராது, ஏனென்றால் அந்த வலைக்குள் தூங்கும் பெரும்பாலான குழந்தைகள் வலை இல்லாவிட்டாலும் இறந்திருக்க மாட்டார்கள், நாலைந்து முறை காய்ச்சலில் கிடந்து, ரத்தசோகையோடு, பள்ளிக்குப் போகாமல் வளர்ந்திருப்பார்கள். ஒரு சாவைத் தடுக்க ஆகும் செலவைக் கிவ்வெல் நாட்டுக்கு நாடு வேறுபடுத்தி, சுமாராக 5,000 டாலருக்கு அக்கம்பக்கமாக மதிப்பிடுகிறது. ஆயிரம் வலைக்குச் சற்று முன்பின் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளம்பர வாசகத்தோடு ஒப்பிட்டால் இது ஏமாற்றமாகத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. மாதம் 30 டாலர் கொடுப்பவர் பதினான்கு வருடத்தில் அந்தத் தொகையை எட்டிவிடுவார், நடுவில் தடுத்த காய்ச்சல்கள் கணக்கில் வரவே இல்லை.

"நாம் கொடுத்தால் அந்த நாட்டு அரசு தன் பங்கைக் குறைத்துக்கொள்ளாதா" என்ற கேள்வி நியாயமானது, கொஞ்சம் நடக்கவும் செய்யும். ஆனால் மலேரியாவுக்கு 2023இல் உலகம் முழுக்கச் செலவானது 400 கோடி டாலர், தேவை என்று வைத்த இலக்கு 830 கோடி. பாதிகூட நிரம்பாத பானையில் நாம் ஊற்றும் தண்ணீர் வழிந்துவிடுமோ என்று கவலைப்பட இன்னும் காலம் இருக்கிறது. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியைத் திடீரென்று நிறுத்திவைத்தபோது, அந்தப் பணத்தில் ஓடிய மலேரியா வேலைகள் பல நாடுகளில் தடுமாறின. மழை யாருடைய பட்ஜெட்டையும் பார்த்துப் பெய்வதில்லை.

பணம் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 1963இல் நாடு முழுவதும் 17 பேருக்குத்தான் மலேரியா. போய்விட்டது என்று நினைத்து மருந்தடிப்பதையும் கண்காணிப்பதையும் தளர்த்தினார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஐந்து லட்சத்துக்கும் அதிகமானோருக்குத் திரும்பி வந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, நடுவில் போரையும் கடந்து, 2016 செப்டம்பரில்தான் மலேரியா இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. அரை நூற்றாண்டு. இலங்கை மட்டும் என்றும் இல்லை. 1930களிலிருந்து 61 நாடுகளில் மலேரியா இப்படித் திரும்பி வந்த 75 சம்பவங்களை 2012இல் ஒரு ஆய்வு தொகுத்தது. அவற்றில் 68இல் தடுப்பு வேலை தளர்ந்ததும் ஒரு காரணம், அந்தத் தளர்ச்சிக்குப் பெரும்பாலும் காரணம் பணத் தட்டுப்பாடு. இன்னொரு கொடுமையும் உண்டு: சில வருடம் நன்றாகத் தடுத்த ஊரில் வளர்ந்த குழந்தைகளுக்கு அந்தப் பழகிய எதிர்ப்புச் சக்தி இருக்காது. தடுப்பு சட்டென்று நின்றால் அவர்கள் வெறும் உடம்போடு நிற்பார்கள்.

பணம் தவிர வேறு ஏதாவது செய்யலாமா என்றும் கேட்பீர்கள். பழைய கொசுவலைகளைச் சேகரித்து அனுப்பாதீர்கள், தயவுசெய்து. மருந்து ஏற்றாத, ஆளுக்கொரு அளவான வலைகளைச் சுங்கத்தில் விடுவித்துத் தரம் பிரிப்பதற்கு ஆகும் செலவில் புதிதாகவே வாங்கிவிடலாம். இப்படி வந்த ஒரு மூட்டையைப் பிரித்தபோது உள்ளே திருமணப் பரிசாக வந்த, சரிகை வைத்த தொட்டில் வலை ஒன்று இருந்தது. அழகாகத்தான் இருந்தது, என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை, பல மாதம் அலமாரியிலேயே கிடந்தது. உங்களுக்குக் கூட்டம் சேர்க்க வரும் என்றால் அந்த நீச்சல்காரர் செய்ததைச் செய்யுங்கள், ஒரு ஓட்டம், ஒரு பிறந்தநாள், அலுவலகத்தில் நாலு பேர். அதில் வருகிற பணத்தில் பாதி அரங்க வாடகைக்கும் பனியனுக்கும் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நான் சொன்ன இரண்டையும் விட்டு வேறு ஓர் அமைப்புக்குக் கொடுக்க நினைத்தாலும் தப்பில்லை. கொடுக்கும் முன் ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: போன விநியோகத்தில் எங்கே எத்தனை கொடுத்தீர்கள், பிறகு போய் எண்ணினீர்களா, எதில் தோற்றீர்கள் என்று. கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைத்தான் நான் கவனிப்பேன். குழந்தையின் படமும் நன்றிக் கடிதமும் மட்டும் வந்தால் நகர்ந்துவிடுவேன். "இந்த மாவட்டத்தில் கிடங்கில் ஈரம் பட்டு இத்தனை வலை போயிற்று, அடுத்த முறை இப்படி மாற்றினோம்" என்று எழுதினால் கொடுத்துவிடுவேன். வரிவிலக்கு நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் நாட்டில் பதிவான கிளையோ இடைத்தரகு அமைப்போ உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கடைசியாக ஒரு சில்லறை விஷயம், ஆனால் நான் மாட்டிக்கொண்டது இதில்தான். வங்கி அட்டை காலாவதியாகும்போது மாதாந்திர நன்கொடை சத்தமில்லாமல் நின்றுவிடும். அமைப்பிலிருந்து வரும் மின்னஞ்சல் விளம்பரங்களோடு விளம்பரமாக எங்கோ போய் விழுந்துவிடும். எனக்கு ஏழு மாதம் அப்படிப் போனது, கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். புது அட்டை கைக்கு வந்த அன்றைக்கே எண்ணை மாற்றிவிடுங்கள்.